லாத்ரப் பேருக்கு ஒரு ஆள்

எவரெட் லாத்ரப்பைப் புதைத்த பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கெல்டன் ஊர் தீயணைப்பு நிலையத்தில் வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். தேர்தல் கிட்டத்தில் வந்துவிட்டது. வாக்குச்சீட்டில் செத்தவன் பேரை எடுத்துவிட்டு வேறு பேர் போட வேண்டுமென்றால் அன்று பொழுது சாய்வதற்குள் கட்சி ஆளைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் கட்சி நிறுத்துகிற ஆள் ஜெயித்த மாதிரிதான்.

எவரெட்டின் பெண்டாட்டி எல்டா, புருஷனின் பழைய பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ப்ரிமோ கஸ்ஸானி. அவள் அப்பாவோடு ஒரே பட்டறையில் கருங்கல் கொத்தியவர், எழுபது தாண்டிய கிழவர். கல்தூசி அவர் நெஞ்சில் பாதியைத் தின்று தீர்த்திருந்தது. நாலு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். அதற்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர் இல்லை.

"இந்த வண்டியில ஏறவே கூடாதுன்னு இருந்தேன். லாத்ரப் வண்டி."

"அப்ப எறங்கி நடங்க மாமா. மேடுதான்."

"எறங்கறேன்னா சொன்னேன்? இருந்தேன்னுதான் சொன்னேன்."

மேப்பிள் மரங்கள் எல்லாம் சிவந்து கிடந்தன. தேர்தல் வருஷத்து இலையுதிர்காலம் என்றால் எல்டாவுக்கு ஒரு வாசனை உண்டு: களஞ்சியத்து ஈர வைக்கோல், சுண்ணாம்பு, ஆப்பிள். களஞ்சியத்தில்தான் தேர்தல் பலகைகள் அடுக்கியிருக்கும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'லாத்ரப்' என்று மட்டும் இருக்கும். முன்பேர் கிடையாது. எவரெட்டின் தாத்தா ஜோசையா, மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரில் இருக்கும் சட்டமன்றத்துக்கு நின்ற காலத்தில் எழுதிய பலகைகள் சில இன்னும் அதில் உண்டு. அப்புறம் மகன் ஹொரேஸ் நின்றான், பிறகு பேரன் எவரெட் நின்றான். ஆள் மாறினார்களே ஒழியப் பலகை மாறவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்டா களஞ்சியத்து வாசலில் உட்கார்ந்து மங்கின எழுத்துக்கு வெள்ளை பூசுவாள். எவரெட் பின்னால் நின்றுகொண்டு, "கடைசி எழுத்து கோணுது, எல்டா," என்பான். "கோணினா உன் குடும்பம்தானே, எனக்கென்ன," என்பாள் அவள். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, இதே சிரிப்பு.

அவள் அந்தக் குடும்பத்துக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். எல்டாவின் அப்பா பத்திஸ்தா ரொவேட்டா, தேவதைகளையும் ரோஜாக்களையும் கல்லறைக் கல்லில் கொத்துகிறவர். காற்றழுத்தத்தில் ஓடுகிற இயந்திர உளி வந்த பிறகு பட்டறைக்குள் ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது, அவ்வளவு தூசி. அதை உறிஞ்சி வெளியே தள்ளக் குழாய் வைக்க வேண்டும், வைக்காத முதலாளிக்குத் தண்டனை என்று ஒரு சட்டம் மான்ட்பீலியரில் வந்தது. கெல்டன் ஊர் உறுப்பினர் ஹொரேஸ் லாத்ரப் எழுந்து நின்று வேண்டாம் என்று ஓட்டுப் போட்டான். சட்டம் விழுந்தது. இரண்டு குளிர்காலம் கழித்துப் பத்திஸ்தா, தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே செத்தார். படுத்தால் மூச்சு வராது. ஹொரேஸ் ஒரு பெரிய பன்றித்தொடையைச் சுட்டு எடுத்துக்கொண்டு துக்கத்துக்கு வந்தான். எல்டாவின் அம்மா அதை வாங்கி, அவன் பார்க்கவே நாய்க்குப் போட்டாள். பஞ்ச காலம் அது. வீட்டில் அன்றைக்கு வேறு சாப்பாடு இல்லை.

அந்த ஹொரேஸின் மகனைத்தான் எல்டா கட்டிக்கொண்டாள். யுத்தத்திலிருந்து திரும்பி வந்தவன், இளைத்துப்போய் சாந்தமாக இருந்தான். அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. அப்பா ஸ்தானத்தில் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் ப்ரிமோதான். மாதாகோவில் வாசலில் நின்று எவரெட்டைப் பார்த்து, "பையனுக்குத்தான் குடுக்கறேன், பேருக்குக் குடுக்கலை," என்றார். எவரெட் தலையாட்டினான். அன்றிலிருந்து எவரெட்டோடு மீன் பிடிக்கப் போவார், அவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒயின் குடிப்பார். அவனுக்கு ஓட்டு மட்டும் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அதை மறைத்ததும் இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்குள் நல்ல கூட்டம். அந்த ஊரில் கட்சிக்கு அட்டை, சந்தா எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தவன் கட்சிக்காரன். பால் பண்ணைக்காரர்கள் ஒரு பக்கமும், கல் கொத்த வந்த இத்தாலிக்காரர்கள் சங்கத்துக் கிழவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் டோனட்டும் ஆப்பிள் சாறும். ஊர்க் கணக்கர் தெல்மா குவிம்பி மரச்சுத்தியால் மேஜையைத் தட்டினாள்.

"எவரெட் இடத்துக்கு நிக்கறது எல்டாவும் பிராட்ஃபோர்டும். ரெண்டு பேரும் லாத்ரப். ஆக பலகை செலவு மிச்சம்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொரு லாத்ரப், எவரெட்டின் தம்பி மகன் பிராட்ஃபோர்ட். பர்லிங்டன் நகரத்தில் வக்கீல். இரண்டு கோடைக்கு முன்னால் தாத்தா வீட்டைச் செப்பனிட்டுக்கொண்டு திரும்பி வந்தவன். கெட்டவன் இல்லை, அதுதான் எல்டாவுக்குத் தொல்லை. பெரியப்பா சவப்பெட்டியைத் தோளில் தாங்கியவன். எழுந்து நின்று நன்றாகத்தான் பேசினான்.

"எங்க கொள்ளுத்தாத்தா, தாத்தா, பெரியப்பா. இந்த ஊர் நாற்காலியில அந்தக் காலத்துலேர்ந்து எங்க ரத்தம் உக்காந்திருக்கு. பெரியம்மாமேல எனக்கு உயிர். ஆனா பெரியப்பா போன துக்கம் இன்னும் ஆறலை. மலையில பனி கொட்டறப்ப தினம் மான்ட்பீலியர் போய்வரணும். அந்தப் பாரத்தை நான் எடுத்துக்கறேன்."

"அந்த விதவைப் பணச் சட்டத்துக்கு என்ன சொல்றே, தம்பி?" இத்தாலிக்காரர்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

அதுதான் விஷயம். கல்தூசியில் நெஞ்சு போன கிழவர்களுக்கும் அவர்கள் விட்டுப்போன விதவைகளுக்கும் மாநிலம் மாதாமாதம் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எவரெட் ஒரு சட்டம் கொண்டுவந்தான். இரண்டு தடவை விழுந்தது. வருகிற ஜனவரியில் மூன்றாவது தடவை கொண்டுவருவதாக இருந்தான்.

"படிச்சுப் பார்த்து நியாயமா முடிவு பண்ணுவேன்," என்றான் பிராட்ஃபோர்ட்.

"அப்ப மாட்டேன்னு அர்த்தம்," என்றார் ப்ரிமோ. பலமாகத்தான் சொன்னார், ஆனால் கடைசியில் இருமல் வந்துவிட்டது.

எல்டா பேசுவதற்கு முன்னால் தெல்மா டோனட் சாப்பிட இடைவேளை விட்டாள். எல்டா சுவரோரம் நின்றாள். இந்த நாற்காலி வேண்டும் என்று தனக்கு இவ்வளவு ஆசை இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை. எவரெட் இருந்தவரைக்கும் அவள் வேலை வீட்டில். ஜனவரியிலிருந்து வசந்தம் வரைக்கும் அவன் சட்டமன்றத்தில் இருப்பான், தொலைபேசி அவளிடம் இருக்கும். பனி தள்ளுகிற வண்டி வரவில்லை, கிழவி வீட்டில் குழாய் உறைந்துபோச்சு, பள்ளிக்கூட வண்டி பாலத்தில் ஏறமாட்டேன் என்கிறது. ஒருவர் விடாமல் அவளிடம்தான் சொல்வார்கள். அவளே பூட்ஸை மாட்டிக்கொண்டு போவாள். பனி உருகுகிற சேறு காலத்தில் வண்டி புதைந்து, இரண்டு மைல் முழங்கால் சேற்றில் நடந்து ஒரு விதவையின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொடுத்து வந்திருக்கிறாள். சாயங்காலம் எவரெட் கூப்பிட்டு, "இன்னிக்கு லாத்ரப் என்ன பண்ணினார்?" என்று கேட்பான். "ரெண்டு குழாய், ஒரு பசுமாடு," என்பாள். அவன் சிரிப்பது கம்பி வழியாகக் கேட்கும். அந்தச் சிரிப்பு போய் மூன்று வாரம்.

ப்ரிமோ டோனட்டும் கையுமாக வந்தார். நாலைந்து சங்கத்துக் கிழவர்கள் பின்னால் நின்றார்கள்.

"இங்க பாரு பொண்ணே. நாங்க பேசிட்டோம். எழுந்திருச்சு, ரொவேட்டாங்கற பேர்ல நிக்கறேன்னு சொல்லு. பத்திஸ்தா மகன்னு சொல்லு."

"மகள், மாமா."

"மகள். மூச்சு முட்டுது, தப்பா வருது. அப்பன் பேரைச் சொல்லு, நாங்க அத்தனை பேரும் உன் பக்கம். சட்டப்படி சீட்டுல போடலாமாம், தெல்மாகிட்ட கேட்டாச்சு."

"லாத்ரப்புன்னு நின்னா?"

"மத்தவங்க எப்படியோ." அவர் டோனட்டைப் பார்த்தார். "என்னால முடியாது. உனக்கே தெரியும்."

தெரியும். கணக்கும் தெரியும். பால் பண்ணைக்காரர்கள் பாதிக்குப் பாதி பிரிவார்கள். சங்கத்துக் கிழவர்கள் முழுசாக வந்தால்தான் கரையேற முடியும். அப்பா பேரைச் சொன்னால் போதும், பொய்யும் இல்லை. அந்தப் பேரோடுதான் அவள் பிறந்தாள்.

சுத்தி தட்டியது. எல்டா முன்னால் போனாள்.

"எனக்குப் பேச வராது. பேசறது எவரெட் வேலை," என்றாள். "எங்க அப்பா இந்தப் பேரைக் கேட்டா காறித் துப்புவாரு. அவர் துப்பினதுல ரத்தம் இருக்கும். அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஹொரேஸ் லாத்ரப் போட்ட ஓட்டு அது."

பிராட்ஃபோர்ட் தரையைப் பார்த்தான்.

"என்னை ரொவேட்டான்னு நிக்கச் சொல்றாங்க. நின்னா எனக்கு நல்லது. ஆனா அந்தக் கெட்ட ஓட்டைப் போட்ட பேர் அங்க சட்டமன்றத்துப் புத்தகத்துல அப்படியே இருக்கு. அதை வேற யாரோ வந்து அழிச்சா அது அழிஞ்சதாகாது. போட்ட பேரே எழுந்திருச்சு நின்னு, தப்புன்னு சொல்லி, மாத்தி ஓட்டுப் போடணும். எவரெட் அதுக்குத்தான் பாடுபட்டான். முடியறதுக்குள்ள போயிட்டான். பிராட்ஃபோர்டுக்கு இந்தப் பேர் பொறப்புல வந்தது. நல்ல பையன், நான் குத்தம் சொல்லலை. எனக்கு இது உழைச்சு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் இந்தப் பேரோட சட்டையைத் துவைச்சிருக்கேன். இந்தப் பேர்க்காரங்க போகாத சேத்துக்கெல்லாம் நான் போயிருக்கேன். ராத்திரி பகல்னு இல்லாம இந்தப் பேரைச் சொல்லி நீங்க கூப்பிட்டப்ப வந்தது யாரு? நான்தான் லாத்ரப். அந்தப் பேர்லதான் நிப்பேன்."

உட்கார்ந்தாள். சங்கத்துக் கிழவர்கள் பக்கம் அவள் திரும்பவில்லை.

யார் பக்கம் என்று எல்லோரையும் வாயால் சொல்லச் சொன்னாள் தெல்மா. இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகவே இருந்தது. பண்ணைக்காரன் ஆரின் எழுந்து, "சபையைப் பிரிங்க," என்றான்.

சபையைப் பிரிப்பது என்றால் அந்த மலையில் காலால் ஓட்டுப் போடுவது. சீட்டில் எழுதி மடித்துப் போட்டால் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. இது அப்படி இல்லை. எழுந்து, எல்லோரும் பார்க்க நடந்து, சுவரோரம் நிற்க வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு சுவரில் நின்றுவிட்டுப் பத்து வருஷம் பேசாமல் இருந்த ஊர் அது.

"எல்டா பக்கம் ஜன்னல் சுவர். பிராட்ஃபோர்ட் பக்கம் கதவுச் சுவர்," என்றாள் தெல்மா. "நடங்க. டோனட்டை வெச்சிட்டு நடங்க ஆரின், அது ஓட்டுப் போடாது."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. பூட்ஸுகள் சிமெண்டுத் தரையில் தேய்ந்தன. பண்ணைக்காரர்கள் அவள் நினைத்த மாதிரியே பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். சங்கத்துக் கிழவர்களில் முதல் ஆள் எழுந்தார். நின்று யோசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். அவர் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். அந்தப் பேரைச் சபித்தே வயசானவர்கள் அதற்காக நடந்து வந்தார்கள். ஒருவர் எல்டாவின் தோளைத் தட்டி, "உங்கப்பன் கல்லறையில பொரள்றான், பரவால்லை, அவனுக்கும் கொஞ்சம் உடற்பயிற்சி," என்றார்.

நடுவில் காலி நாற்காலிகளுக்கிடையில் ப்ரிமோ மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ப்ரிமோ, கால் வலியா?" தெல்மா கேட்டாள். "நாற்காலியோட தூக்கிட்டுப் போகச் சொல்லட்டா?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"உக்காந்திருக்கறது கால் இல்லை தெல்மா, நான்."

எல்டா அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு கையும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. எழுந்துவிடக் கூடாது என்று பிடித்ததா, எழுந்திருக்கப் பிடித்ததா என்று சொல்ல முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. தெல்மா காத்தாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தெல்மா ஒரு சுவரை விரலால் எண்ணினாள், மறு சுவரை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.

பிராட்ஃபோர்ட் ஒரு ஆள் வித்தியாசத்தில் ஜெயித்தான்.

கை தட்டக்கூட ஆளுக்கு மனசு வரவில்லை. பிராட்ஃபோர்ட் நேராக வந்து அவள் கையைப் பிடித்தான். "பெரியம்மா, அந்தச் சட்டத்தை நான் கண்டிப்பா..."

"படிச்சுப் பாரு," என்றாள். "சும்மா படிக்காதே, சத்தம் போட்டுப் படி." அவன் கையை அழுத்தி விட்டாள். அவனுக்கு எவரெட்டின் கை. அந்த எலும்பு, அந்தச் சூடு. அதுதான் அவளை ஒரு நிமிஷம் ஆட்டிவிட்டது.

தெல்மா நாற்காலி மடக்குகிற சாக்கில் கிட்ட வந்தாள். "சமமா வந்திருந்தா தலைவர் ஓட்டு என்னோடது. உனக்குத்தான் போட்டிருப்பேன். உனக்குத் தெரியணும்னு சொல்றேன்."

"இதைச் சொல்லாம இருந்திருக்கலாம் தெல்மா."

"ஆமா. சொல்லிட்டேன்."

ப்ரிமோ வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏறவில்லை. எல்டா கதவைத் திறந்துவிட்டாள்.

"நடந்து போயிக்கறேன்," என்றார்.

"நடந்தா பாலத்துக்கிட்ட விழுந்து செத்துப்போவீங்க. எனக்கு இந்த மாசம் ஒரு சாவு போதும். ஏறுங்க."

ஏறினார். வண்டி கல் பட்டறைகளைத் தாண்டிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உளிச் சத்தம் இல்லை. கூரைமேல் தூசி உறிஞ்சுகிற பெரிய குழாய்கள் வரிசையாக நின்றன. பத்திஸ்தா செத்த பிறகு வந்த குழாய்கள் அவை.

"கோபமா?" என்றார் ப்ரிமோ.

"ஆமா."

"ம்."

"ஒரு ஆள், மாமா. உங்களுக்கே வரவேண்டிய பணம் அது. புருஷனைத் தூசிக்குக் குடுத்த மரியெட்டாவுக்கு, காண்டிப் பெரியம்மாவுக்கு. உங்க பிடிவாதத்துக்கு அவங்களும் சேர்ந்து பட்டினி கிடக்கணுமா?"

அவர் மூச்சை ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

"எழுந்திருக்கப் பார்த்தேன். பொய் சொல்லலை. நீ பேசினது அத்தனையும் சரி. மனசு எழுந்திருச்சிருச்சு. உடம்பு எழுந்திருக்கலை. உங்கப்பன் சாகறப்ப நான் பக்கத்துல இருந்தேன் எல்டா. தண்ணி கேட்டான். குடுத்தா முழுங்க முடியலை. அந்த வாரம் முழுக்க ஹொரேஸ் பேரைச் சொல்லிட்டே இருந்தான், ஜெபம் மாதிரி. அதைக் கேட்டவன் நான். அந்தப் பேருக்கு எப்படி நடக்கறது?"

சாலையில் ஒரு பசு வழிமறித்து நின்றது. அவள் ஹாரன் அடிக்கவில்லை. அது போகும்வரை நின்றாள். எவரெட்டும் இப்படித்தான் நிற்பான். பசுவுக்கும் ஓட்டு உண்டு என்பான். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான். அந்த நினைப்பில், மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்ன?" என்றார் கிழவர் பயந்துபோய்.

"ஒண்ணுமில்லை. எவரெட் இன்னிக்கு இருந்தா உங்களுக்குத்தான் கை குடுத்திருப்பான். பொய்யா எழுந்திருக்காம இருந்தீங்கன்னு."

"அவன் நல்லவன்."

"நல்லவன்தான். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

"இரு. நியாயம்தான்."

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள்.

"சட்டமன்றத்துல உக்காரத்தான் ஓட்டு வேணும்," என்றாள். "சட்டத்தை விசாரிக்கற குழுவுக்கு முன்னாடி பேச யாருக்கும் ஓட்டு வேண்டியதில்லை. ஜனவரியில அந்தச் சட்டத்தை யாராவது ஒருத்தர் கொண்டுவந்தே ஆகணும். பிராட்ஃபோர்டே கொண்டுவருவான். கொண்டுவர வைக்கிறேன். வாரம் நாலு தடவை அவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனா தானா வருவான். அன்னிக்கு நான் பேசறேன். நீங்களும் வரணும்."

"நான் என்னத்தைப் பேசறது? நாலு வார்த்தைக்கு மேல வராது."

"அதைத்தான் அவங்க கேக்கணும். நாலு வார்த்தை பேசுங்க, மிச்சத்துக்கு மூச்சு வாங்குங்க. அவங்க உக்காந்து கேக்கட்டும்."

கிழவர் கதவுப் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பேச எழுந்திருக்கறப்ப உன்னை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"லாத்ரப்."

"வேற வழி இல்லையா?"

"இல்லை மாமா. என் பேரு அதான்."

அவர் இறங்கினார். தரையில் காலை ஊன்றி நின்று, இரண்டு தடவை மூச்சிழுத்து, கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"சரி, வரேன்," என்றார். "கூப்பிடற நேரத்துக்கு மட்டும் காதைப் பொத்திக்கறேன்."